நடக்காத போருக்கு யார் நஷ்டஈடு கொடுத்தது?

கேள்வி: நான் இதழியல் முதுகலை முதலாம் ஆண்டு மாணவி. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். பின்நவீனத்துவ ஊடகக் கோட்பாடு எங்களுக்குப் பாடம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் எழுதிய ‘வளைகுடாப் போர் நடக்கவே இல்லை’ என்ற கட்டுரையைப் பற்றிக் கருத்தரங்கில் பேசினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அதே உற்சாகத்தில் அப்பாவிடமும் சொன்னேன். அவர் 1986 முதல் குவைத்தில் கிரேன் ஓட்டியவர். 1990 செப்டம்பரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக வீடு வந்து சேர்ந்தவர். “அது தொலைக்காட்சி உருவாக்கிய போர் அப்பா, உண்மையில் அப்படியொரு போரே நடக்கவில்லை” என்றேன். “அப்படியா அம்மா” என்று மட்டும் கேட்டார். மூன்று வாரமாகிறது. நான் தொலைபேசியில் அழைத்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். நான் சொன்னது தவறா, கோட்பாடே தவறா? எல்லாமே பிம்பம்தான் என்றால் நிருபராகி நான் என்ன செய்யப்போகிறேன்? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நீங்களும் அப்பாவும் பேசியது ஒரே போரைப் பற்றி அல்ல. இராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தது 1990 ஆகஸ்ட் 2 அன்று. அப்பா பார்த்தது அதையும் அதற்கடுத்த சில வாரங்களையும். போத்ரியார் எழுதியதோ, 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டணி பாக்தாத் மீது குண்டு வீசத் தொடங்கி, பிப்ரவரி 28 அன்று முடித்துக்கொண்ட போரைப் பற்றி. அந்தப் போர் தொடங்கியபோது அப்பா பட்டுக்கோட்டையில் இருந்தார். நம்மைப் போலவே அவரும் அதைச் செய்தியாகத்தான் அறிந்திருப்பார். கருத்தரங்கில் இந்த வேறுபாட்டை யாரும் கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தேதி கேட்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அடுத்து, அந்தத் தலைப்பு. போத்ரியார் எழுதியது ஒரு கட்டுரை அல்ல, மூன்று. பாரிஸின் ‘லிபரேசியோன்’ நாளிதழில் 1991 ஜனவரி 4 அன்று ‘வளைகுடாப் போர் நடக்காது’, பிப்ரவரி 6 அன்று ‘வளைகுடாப் போர் உண்மையில் நடக்கிறதா?’, போர் முடிந்தபின் மார்ச் 29 அன்று ‘வளைகுடாப் போர் நடக்கவில்லை’. பிரெஞ்சு வாசகர்களுக்கு இந்தத் தலைப்பைக் கண்டதும் ஒரு நாடகம் நினைவுக்கு வந்திருக்கும். ழான் ழிரோது 1935இல் எழுதிய ‘டிராய் போர் நடக்காது’. அந்த நாடகத்தின் முடிவில் போர் வந்தேவிடுகிறது. தலைப்பிலேயே ஒரு நக்கல் உண்டு என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மொழிபெயர்ப்பில் நக்கல் உதிர்ந்துபோய், வெறும் மறுப்பு மட்டும் நம் கைக்கு வந்தது. அப்பாவின் காதிலும் விழுந்தது அந்த மறுப்புதான்.

குண்டு விழவில்லை என்றோ யாரும் சாகவில்லை என்றோ அந்த மனிதர் சொல்லவில்லை. இரு தரப்பும் மோதி, முடிவு தெரியாமல் உயிரைப் பணயம் வைப்பதற்குத்தான் போர் என்று பெயர். இங்கே முடிவு முன்கூட்டியே தயாராக இருந்தது, ஒரு தரப்பு மற்றதை வானத்திலிருந்து நசுக்கியது, அதைப் போர் என்று அழைத்து நமக்குத் தொலைக்காட்சியில் காட்டினார்கள் என்பதுதான் வாதம். இறந்தவர்களை மறைப்பதற்குத்தான் அந்தப் பெயரே பயன்பட்டது என்ற கோபம்கூட அதில் உண்டு. இதை நீங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தால், “ஆமாம் அம்மா, அது என்ன சண்டை, அடி” என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

போத்ரியார்மேல் எனக்கும் வழக்கு உண்டு. ஜனவரி 4 அன்று ‘நடக்காது’ என்று எழுதினார், பதின்மூன்றே நாளில் நடந்தது. ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் கிரகத்தின்மேல் பழி போடுவார். போத்ரியார் போரின்மேல் பழி போட்டார். மனிதரின் எழுத்தில் இந்த ஆட்டம் நிறையவே உண்டு. 1981இல் வந்த ‘சிமுலாக்ராவும் சிமுலேஷனும்’ (போலிகளும் போலச்செய்தலும்) நூலில் லாஸ்கோ குகையைப் பற்றி ஒரு பத்தி வரும். பிரான்ஸில் பழங்கற்கால ஓவியங்கள் உள்ள குகை அது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கிறது என்று 1963இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து இருநூறு மீட்டர் தள்ளி அதன் நகலைக் கட்டி 1983இல் திறந்தார்கள். நகல் வந்துவிட்டால் அசலும் நகலுக்குச் சமம்தான், இரண்டுமே செயற்கையாகிவிடும் என்கிறார் அவர். படிக்கும்போது மயங்கிவிடுவோம். ஆனால் அசல் குகையின் சுவரில் பூஞ்சை படர்ந்தபோது பதறி வேலை செய்தவர்களுக்கு, எது அசல் என்பதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. நகலில் பூஞ்சை வந்தால் மறுபடி வண்ணம் அடித்துவிடலாம்.

ஆனாலும் அவரைத் தூக்கி எறிய என்னால் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், இது என் சொந்தத் தவறு.

1991 ஜனவரியில் நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இளம் உதவி ஆசிரியன், இரவுப் பணி. சி.என்.என். பார்க்க வேண்டுமானால் பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த காலம். செய்திகளைத் தானாக அச்சடித்துத் தள்ளும் டெலிபிரிண்டர் இயந்திரம்தான் எனக்குப் பாக்தாத். ஏஜென்சிச் செய்திகள் கிழிக்கக் கிழிக்க வந்துகொண்டிருக்கும். லேசர் வழிகாட்டும் குண்டு, கட்டடத்தின் காற்றுக் குழாய்க்குள் நுழைகிறதாம். குறிப்பிட்ட ஜன்னலைத் தேடிப் போகிறதாம். நான் மொழிபெயர்த்து, ‘குறி தவறாத குண்டுகள்’ என்று தலைப்பு வைத்தேன். முதல் பக்கத்தில் வந்தது. மறுநாள் பாராட்டும் கிடைத்தது.

அந்தப் படங்களைப் பிறகு பார்த்தேன். நீங்களும் தேடிப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும். சிலவற்றை எடுத்த கேமரா குண்டின் மூக்கிலேயே இருந்தது. கட்டடம் பெரிதாகிக்கொண்டே வரும், பெரிதாகும், சட்டென்று திரை வெளுத்துவிடும். அவ்வளவுதான் படம். குண்டோடு சேர்ந்து கேமராவும் போய்விடுவதால், அடுத்த நொடி அந்தக் கட்டடத்துக்குள் என்ன ஆனது என்பதற்குப் படமே கிடையாது. ஜனவரி 30 அன்று அமெரிக்கக் கூட்டணிப் படைகளின் தளபதி ஷ்வார்ஸ்காஃப் நிருபர்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு பாலம், அதன்மேல் ஒரு வண்டி. குறுக்குக் கோடுகளின் நடுவே வண்டி கடந்துபோகிறது, பின்னால் குண்டு விழுகிறது. இராக்கிலேயே அதிர்ஷ்டசாலி இந்த ஓட்டுநர்தான் என்று அவர் சொல்ல, அறையே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் என்னைப் போன்ற செய்தியாளர்கள். இந்த இடத்தில் போத்ரியார் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வராது.

அந்தப் போரில் வீசிய குண்டுகளில் வழிகாட்டிக் குண்டுகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை எல்லாம் பழைய பாணியில் கொட்டப்பட்டவை. அவற்றின் மூக்கில் கேமரா இல்லை. அதனால் அவை திரைக்கு வரவில்லை. அதனால் என் தலைப்புக்கும் வரவில்லை.

பிப்ரவரி 13 அதிகாலை பாக்தாத்தின் அமிரியா பகுதியில் ஒரு பதுங்கு கட்டடத்தின்மேல் இரண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அது ராணுவக் கட்டளை மையம் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. பி.பி.சி.யின் ஜெரமி போவன் நேரில் போய், கட்டடத்துக்குள் நடந்து பார்த்து, ராணுவ மையம் இருந்ததற்கான அடையாளம் எதையும் தான் காணவில்லை என்று சொன்னார். குண்டுகள் குறி தவறவில்லை, மாணவியே. வைத்த இடத்தில்தான் விழுந்தன. என் தலைப்பு ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மையாகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தலைப்பை வைத்த இரவில் என்னிடம் இல்லாமல் போனது அவநம்பிக்கை அல்ல. இரவு இரண்டு மணிக்கு எந்த உதவி ஆசிரியனுக்கும் அது வேண்டிய அளவு இருக்கும். ஒரு கேள்விதான் இல்லை: இந்தப் படத்தை எடுத்த கேமரா எங்கே இருந்தது? அதைக் கேட்டிருந்தால் மீதி எல்லாம் தானாக வந்திருக்கும். உங்கள் கோட்பாட்டுப் பாடத்திலிருந்து நிருபருக்கு வேண்டியது இந்த ஒரு கேள்வி. டேனியல் பூர்ஸ்டின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1962இலேயே இதற்குப் பக்கத்தில் வந்தவர். செய்தியாவதற்காகவே நடத்தப்படும் நிகழ்ச்சிக்குப் ‘போலி நிகழ்வு’ என்று பெயர் வைத்தார். நம் ஊரில் இதற்கு நூல் தேவையில்லை. புகைப்படக்காரர் தாமதமாக வந்தால் பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்துவதை வாரம் இருமுறை பார்த்திருக்கிறேன்.

அதே போரிலிருந்து இன்னும் இரண்டு கதைகள். கருத்தரங்குகளில் இவற்றின் முதல் பாதிதான் சொல்லப்படும்.

1990 அக்டோபர் 10 அன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழுவின்முன் நயிரா என்ற பதினைந்து வயதுப் பெண் அழுதுகொண்டே சாட்சி சொன்னார். குவைத் மருத்துவமனையில் இராக் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைத் தன் கண்ணால் பார்த்தாராம். அன்றைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ் இதைத் திரும்பத் திரும்பப் பேசினார். செனட் உறுப்பினர்கள் மேற்கோள் காட்டினார்கள். போருக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் செனட்டில் 52க்கு 47 என்று நிறைவேறியது. அந்தப் பெண் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், சாட்சியத்தை ஏற்பாடு செய்ததில் குவைத் தரப்பு அமர்த்திய ஹில் அண்டு நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு என்பதும் பிறகு வெளியே வந்தன. அசலே இல்லாத நகல் என்று பாடத்தில் படிக்கிறீர்களே, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. சரி, வெளியே எப்படி வந்தது? போர் முடிந்ததும் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் குவைத்துக்குப் போய் மருத்துவர்களைக் கேட்டார். அப்படி நடக்கவில்லை என்றார்கள். அந்தப் பெண் யாருடைய மகள் என்பதை ஜான் மெக்கார்தர் என்ற பத்திரிகையாளர் தோண்டி எடுத்து 1992 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதினார். கதவைத் தட்டியவர்களுக்குக் கதவு திறந்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை. இராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை வானத்திலேயே அது உடைப்பதை உலகமே திரையில் கண்டு கைதட்டியது. 42 ஸ்கட்களில் 41ஐ வீழ்த்திவிட்டோம் என்று புஷ், அதைத் தயாரித்த ஆலைக்கே போய் அறிவித்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தியோடர் போஸ்டல் அந்தத் தொலைக்காட்சிப் பதிவுகளையே சேகரித்தார். சக ஆய்வாளர் ஜார்ஜ் லூயிஸுடன் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டகமாக ஓட்டிப் பார்த்தார். பேட்ரியாட் வெடிப்பது தெரிகிறது, ஸ்கட் அதன் பாட்டுக்குக் கீழே இறங்குவதும் தெரிகிறது. ராணுவம் பிறகு தன் கணக்கை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. உலகத்தை மயக்கிய அதே பிம்பம்தான், கூடுதலாக ஒரு வாரம் உற்றுப் பார்த்தவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. இந்தக் கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். பிம்பத்துக்குப் பின்னால் எதுவுமில்லை என்று எழுதி முடித்துவிட்டு எழுந்து போகும் மாணவர்களுக்காகவே சொல்கிறேன்.

எழுந்து போவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அவர் மறைந்தது 2018இல். செயற்கை நுண்ணறிவால் செய்த உருவம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், யாரும் ஏமாறவில்லை. அது எனக்குப் பெரிய கவலை இல்லை, போத்ரியார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். என் கவலை வேறு. இப்படிச் செய்ய முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், நாளைக்கு ஒரு அமைச்சர் லஞ்சம் வாங்கும் உண்மையான காணொளி வெளிவந்தாலும், ‘இது செயற்கை’ என்று அவர் கைகழுவலாம். செஸ்னி, சிட்ரன் என்ற இரு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் இதற்குப் ‘பொய்யரின் லாபம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாமே பிம்பம் என்று நாம் தத்துவமாகச் சொல்வதை அந்த அமைச்சர் வழக்கறிஞர் மூலம் சொல்வார். நிருபராகி என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். அந்தக் காணொளியை யார், எங்கே நின்று, எந்த நாளில் எடுத்தார் என்று தேடுவீர்கள். வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

அப்பாவிடம் வருவோம். மேலே சொன்ன கதைகளில் எங்கும் அவரைப் போன்றவர்கள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குண்டின் மூக்குக் கேமராவில் இல்லை. தளபதியின் திரையில் இல்லை. போத்ரியாரின் கட்டுரைகளின் அக்கறையும் அந்தப் பக்கம் இல்லை. அமெரிக்காவின் திரையைக் கிழிக்கப் புறப்பட்டவர், அந்தத் திரை காட்டியதைத் தாண்டி அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை குவைத்திலிருந்து பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் பஸ்ஸிலும் லாரியிலும் வந்து, ருவைஷித் பக்கம் பாலைவனக் கூடாரங்களில் காத்துக் கிடந்து, அம்மானிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஏறிய இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஏர் இந்தியா 488 முறை பறந்தது. அவர்களில் எத்தனை பேரின் சொந்த வாய்மொழி பதிவாகியிருக்கிறது? எங்கள் நாளிதழில் வந்தவர்களின் எண்ணிக்கையைப் போட்டோம். ஒருவரையும் உட்காரவைத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே அப்பாவின் மௌனத்தை, படிக்காதவர் கோட்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் கோபித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வாழ்ந்ததைப் பற்றி முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. கடைசியில் சொந்த மகள் அந்தப் பேச்சை எடுத்தாள், அதுவும் அப்படியொன்று இல்லை என்று சொல்வதற்காக. ‘அப்படியா அம்மா’ என்றதோடு நிறுத்திக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் தொலைபேசியில் வேண்டாம், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போங்கள். ‘எனக்குத் தவறாகப் புரிந்துவிட்டது, அப்பா’ என்ற ஒரு வரி போதும். பிரெஞ்சுக்காரர் உண்மையில் என்ன சொன்னார் என்று விளக்க ஆரம்பிக்காதீர்கள், அதற்கு இன்னொரு தீபாவளி வரும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப்போங்கள். பதிவுக் கருவியை முதல் நாளே நீட்ட வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடும் என்பதை இவ்வளவு படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காகிதங்களில் தொடங்குங்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதில் ஜோர்டான் முத்திரை இருக்கும். குவைத் தினார் நோட்டு ஒன்றிரண்டு பெட்டியடியில் கிடந்தாலும் கிடக்கும். இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள். 1991இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. இராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்து, போரால் இழந்தவர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. இராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேற நேர்ந்த தனிநபருக்கு ‘ஏ’ வகையில் 2,500 டாலர். வேறு வகைகளில் எதுவும் கோரமாட்டேன் என்றால் 4,000. இந்தியத் தொழிலாளர்கள் அரசு வழியாக விண்ணப்பித்தார்கள். எல்லா வகையும் சேர்த்து 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியில் செலுத்தப்பட்டது. நடக்காத போருக்கு முப்பது ஆண்டு நஷ்டஈடு! போத்ரியார் 2007இலேயே காலமாகிவிட்டார், இல்லாவிட்டால் இதற்கும் ஒரு கட்டுரை எழுதியிருப்பார். உங்கள் அப்பா அந்தப் படிவத்தை நிரப்பினாரா, பணம் வந்ததா, வந்தது எதற்குப் போனது? உங்கள் வீட்டுச் சுவரில் எந்தப் பகுதி அந்தப் பணத்தில் எழும்பியது என்றுகூட அவர் காட்டக்கூடும்.

‘பயமாக இருந்ததா’ என்றெல்லாம் கேட்காதீர்கள். தொலைக்காட்சி நிருபர்கள் கேட்கும் கேள்வி அது, அதற்குத் தொலைக்காட்சிப் பதில்தான் வரும். கிரேனை எந்த இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார், சாவியை என்ன செய்தார், லாரியில் எத்தனை பேர், ருவைஷித்தில் தண்ணீர் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். சாவியில் ஆரம்பிப்பது நல்லது. கிரேன் ஓட்டியவருக்கு அது மறந்திருக்காது.